பாற்பல்லும் பாலர் வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது பரம்பரையாக வந்த வழக்கம். கொழுக்கட்டையின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டைப் பல்வரிசைபோலக் குத்தி, வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தி, தலைமேலே சொரிந்து உறவினர் கூடி மகிழ்வார்கள். இவ்வளவு சிறப்போடு வரவேற்கப்பட்ட அந்தப் பல் இரண்டு மூன்று ஆண்டுகளிலே கறுத்துக் குழி விழுந்தால் மட்டும், “பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று வீட்டிலே ஆறுதல் சொல்லி விடுகிறார்கள். இந்த ஆறுதலைப் பற்றியே நாம் இன்று பேச எழுந்தோம். கேட்க இதமான வார்த்தைதான்; ஆனால், பிள்ளைகளுக்கு இதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

பாற்பற்கள் இருபது. ஏறக்குறைய ஆறாம் மாதத்திலே முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் நிறைந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுமாயினும், பாற் கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நின்று உழைக்க வேண்டியவை. பின்வரும் நிலைப்பல்லுக்கு இடம்பிடித்து வைப்பவையும் அவையே. காலத்துக்கு முன் அவற்றைப் பிடுங்க நேரிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். வேரடியிலே சீழ் கட்டினால் உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கும் ஊறு நேரலாம்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. ஆறு வயதளவிலே, எந்தப் பல்லும் விழாமல், பாற்பல் வரிசையின் கடைசியிலே ஒரு பெரிய கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அது நிலைப்பல். பல் விழவில்லையாதலால் அதையும் பாற்பல் என்றே பல தாய்மார் எண்ணிவிடுகிறார்கள். ஆயுள் முழுவதற்குமான அந்தப் பல், அருகிலுள்ள பற்களெல்லாம் சூத்தையாயிருக்கும் வாய்க்குள்ளே பிறக்கிறது. ஆறாம் வயதிலே வந்த நிலைப்பல்லை ஒன்பதாம் வயதிலே பிடுங்கினால் மற்றொன்று முளைப்பதில்லை.

சூத்தை உண்டாகும் விதத்தை இளைஞர்கள் விஞ்ஞான பாடத்திலே படித்திருப்பார்கள். பல்லிலே படிந்த கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் மிளிரியைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைத் தணித்துப் பல்லைச் சரிசெய்ய அரைமணி நேரமளவு வேண்டும். ஆகவே எவ்வளவு சீனி உண்டோம் என்பதோடு எத்தனை தரம் உண்டோம் என்பதும் பெரிய காரியம். காலையிலே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர், பத்து மணிக்கு இனிப்புப் பிஸ்கட், பாடசாலை விட்டதும் பெட்டிக்கடை டொபி, பின்னேரம் மறுபடியும் தேத்தண்ணீர், இரவிலே சீனி கலந்த பால்மாப் போத்தலை வாயில் வைத்தபடி நித்திரை என்றிருந்தால் அந்தப் பல்லுக்கு ஓய்வேது? பனங்கட்டி எங்கள் மண்ணின் பொருள், அது பல்லைக் கெடுக்காது என்று வாதிடும் பெரியவர்கள் உண்டு. மண்பற்றை மதிக்கிறோம், கிருமிக்கோ பனங்கட்டியும் சீனியும் ஒன்றுதான்.

பல் சுத்தம் எங்கள் சமயத்தவருக்குப் புதிதன்று. நாவலர் பெருமான் சைவ வினாவிடையிலே நித்திய கருமங்களுள் தந்தசுத்திக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் எங்கள் பழமொழியிலேயே இருக்கின்றன. ஆயினும் உமிக்கரியிலே புளோரைட்டு இல்லை. அதன் சொரசொரப்பு மிளிரியைத் தேய்க்கவும் செய்யும். பத்து இலட்சம் பங்கிலே 1000 பங்காவது புளோரைட்டு உள்ள பற்பசையினால் காலையும் படுக்கைக்குப் போகுமுன்னும் பல் தீட்டுவதே இன்று மருத்துவர் கூறும் முறை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசிமணி அளவு பசை போதும். அதற்கு மேல் பட்டாணி அளவு. விளம்பரத்திலே காட்டுவதுபோலத் தூரிகை நிறைய வைப்பது வீண் செலவு, சிறுபிள்ளை விழுங்குவதற்கும் இடம்.

இவ்வளவும் சொல்லி, “தாய்மாரே, பிள்ளைகளின் பல்லைக் கவனியுங்கள்” என்று முடித்தால் சபையோர் கைதட்டக்கூடும். ஆனால், இந்நோய் அறியாமையினால் மட்டும் வருவதன்று. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய வாய்ச்சுகாதார ஆய்விலே இலங்கையின் ஐந்து வயதுப் பிள்ளைகளுள் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பற்சூத்தை காணப்பட்டது. எந்த நாட்டிலும் இதன் பாரம் ஏழைக் குடும்பங்களின் தலையிலேயே கூடுதலாக விழுகிறது. எங்கள் குடாநாட்டிலே அந்தக் குடும்பங்கள் எவை என்று தேடி அலைய வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கை விட்டு எழும்பி, கோணப்புலம் போன்ற நலன்புரி நிலையங்களிலே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காலங்கழித்த குடும்பங்கள். 2009 ஆம் ஆண்டுவரை நீடித்த யுத்தத்திலே கணவனை இழந்து தனித்துப் பிள்ளை வளர்க்கும் பெண்கள். கடலை நம்பிய கரையோரத்தார். தோட்டக் கூலிக்குப் போவோர்.

கூலிக்குப் போகும் ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறாள். பிள்ளை அழுதால் அம்மம்மா கொடுக்கக்கூடியது இருபது ரூபாய் இனிப்புத்தான். இரவிலே நாலு வயது மகன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு துடிக்கிறான். குழிக்குள்ளே கராம்பை வைத்தும், அரைக் குளிசை பனடோல் கொடுத்தும் விடியும்வரை சமாளிக்கிறாள். அரசாங்க ஆஸ்பத்திரியிலே பல் வைத்தியம் இலவசம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், பஸ் கூலி இலவசமன்று. இழந்த நாட்கூலியை யாரும் திருப்பித் தருவதுமில்லை. நெடுந்தீவுத் தாயாயின் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வர, குறிகட்டுவான்வரை படகேறிக் கடலையும் கடக்க வேண்டும். விடிந்ததும் நோவு சற்றே தணிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறாள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே பால்மா முதலான பொருள்களின் விலை ஏறியபோது, பற்பசை வாங்குவதா அரிசி வாங்குவதா என்ற கேள்விக்கு எந்தத் தாயும் ஒரே விடையைத்தான் சொல்லியிருப்பாள்.

முற்காலத்திலே வைத்தியர்கள் சூத்தைப் பற்களை எண்ணிக் கணக்கெழுதுவதோடு நின்றார்கள். இப்பொழுது, அந்தப் பல் பிள்ளையின் வாழ்வை என்ன செய்தது என்றும் கேட்கிறார்கள். 2007 ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் சிலர் பாலருக்கென்றே பதின்மூன்று கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். பிள்ளைக்கு நோவு உண்டா, உண்ணக் குடிக்க முடிகிறதா, நித்திரை கெடுகிறதா, பள்ளிக்குப் போகாமல் நின்றதா, சிரிக்கக் கூசுகிறதா என்று ஒன்பது கேள்விகள். மற்றை நான்கும் குடும்பத்தைப் பற்றியவை: பெற்றோர் மனம் வருந்தினரா, தங்கள்மேல் குற்றம் சுமத்திக்கொண்டனரா, வேலையை விட்டு நின்றனரா, பணச்செலவு நேர்ந்ததா என்பன. நாம் சொன்ன தாயின் இரவு முழுவதும் இந்தப் பதின்மூன்று கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. அவள் மகன் ஒரு பக்கத்தாலே மென்று பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழும்புவதும், பாடசாலையிலே தூங்கி விழுந்து “மந்தம்” என்று பெயரெடுப்பதும் பல்லின் கணக்கிலே சேர வேண்டியவை.

இந்நாட்டிலே செய்யப்பட்ட நல்ல வேலையையும் மறத்தலாகாது. நியூசிலாந்து 1921 ஆம் ஆண்டிலே பாடசாலைப் பற்சேவையை ஆரம்பித்த நாடு. கொழும்புத் திட்டத்தின்கீழ் அந்நாட்டு உதவியோடு 1950 களிலே மஹரகமவில் எங்கள் நாட்டுப் பெண்களுக்கும் அப்பயிற்சி தொடங்கிற்று. மூன்று முதல் பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளைக் கவனிக்கும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் அந்த வழியிலே வந்தவர்கள். ஆனால், சூத்தை விழுந்த பின் அடைப்பது ஒரு வேலை, விழாமல் தடுப்பது வேறொரு வேலை. பின்னையதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. ஸ்கொத்லாந்திலே 2006 ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்திலே, பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர் பார்த்திருக்க நாள்தோறும் ஒன்றாகப் பல் தீட்டுகிறார்கள். பிள்ளைகளின் பற்சூத்தை குறைந்தது. வறிய பகுதிகளும் பெரும் பயன் அடைந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2021 ஆம் ஆண்டிலே புளோரைட்டுப் பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே சேர்த்துவிட்டது. மருந்தாகிய பொருளை ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பதைத் தருமம் என்று பெயரிட்டுப் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைப்பது இதுதான். எங்கள் அயலிலுள்ள முன்பள்ளிகளிலே காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் பல் தீட்டட்டும். ஆளுக்கொரு சிறு தூரிகை, பெயர் எழுதி, ஒன்றோடொன்று முட்டாமல் தொங்கவிடுவதற்கு ஒரு பலகை, பொதுவிலே ஒரு பற்பசை: செலவு இவ்வளவே. தீட்டியபின் துப்பினால் போதும், நீரால் கொப்பளிக்க வேண்டியதில்லை. ஆகவே கிணற்றடி தூரம் என்ற சாக்கும் எழாது. தூரிகைகளை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றும் செலவைச் சங்கம் ஏற்கலாம். அறநெறி வகுப்பு முடிவிலே டொபி கொடுக்கும் வழக்கம் உள்ள இடங்களிலே கடலையோ கச்சானோ வாழைப்பழமோ கொடுக்கலாம். பிள்ளைகள் இரண்டு கிழமை முறைப்பார்கள், பின்பு பழகிவிடுவார்கள்.

இனி, நோவோடிருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தத் தூரிகை காலங்கடந்த மருந்து. முன்பள்ளி ஆசிரியையிடம் கேட்டால் யார் யாரென்று பெயர் பெயராகச் சொல்லுவார். மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வைத்திருக்கும் வாலிபர்கள் இச்சபையிலே பலர் இருக்கிறீர்கள். மாதத்திலே ஒரு நாளைக் குறித்து, சிகிச்சை நிலையத்தாரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, தாயின் சம்மதத்தோடு அம்மம்மாவையும் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடலாம். தாய் வேலையை விடவேண்டியதில்லை. பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எந்தக் கிழமை வசதி என்பதையும் பெயரோடு எழுதிவிடுங்கள்.