அரசியற் செய்தி மேடையோடு முடிவதில்லை

(பழுகாமத்தில் இதழியல் பயிலும் மாணவரிடையே நிகழ்த்திய உரை)



"அரசியல் எங்கே நடைபெறுகின்றது?" என்று செய்தி எழுதப் பயிலும் இளைஞரை வினவினால், பாராளுமன்றத்திலும் தேர்தல் மேடையிலும் என்றே விடை பகர்வர். அது பாதி விடை. மறுபாதி இந்தப் படுவான்கரை மண்ணிலேயே கிடக்கின்றது.

நவகிரிக் குளத்து நீரை எந்நாளில் திறப்பது, எந்நாளுக்குள் விதைத்து முடிப்பது என்பவற்றை விவசாயிகளும் அதிகாரிகளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் கூடி முடிவு செய்கின்றனர். வாக்குறுதிகள் வழங்கப்படுகின்றன. மறுநாட் பத்திரிகையில் நாம் காண்பது யாது? தலைமை தாங்கியவரின் பெயரும், அருகில் வீற்றிருந்தோரின் படமுமே! வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் சென்று சேர்ந்ததா என்று மீண்டும் போய்க் கேட்டவர் எத்தனை பேர்? அந்த இரண்டாவது பயணத்தையே மாணவருக்கு முதற் பாடமாக வைத்தல் வேண்டும் என்பது நமது துணிபு.

கொழும்பிலே எழுதப்படும் ஒரு வரி நமது வயல்வரம்பை எவ்வாறு வந்தடைகின்றது என்பதற்கு 2021ஆம் ஆண்டு சான்று பகரும். அவ்வாண்டு மே மாதம் வெளியான வர்த்தமானி அறிவித்தல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. நவம்பரில் அரசு அத்தடையைக் கைவிட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. வர்த்தமானியை வாசிக்கப் பழகிய நிருபர், பயிர் மஞ்சளிக்கும் வரை காத்திரார். "விதைக்கும் நாளில் மாற்று உரம் எங்கே? எவ்வளவு?" என்று மே மாதத்திலேயே கேட்டிருப்பார்.

கேட்டால் தருவார்களா என நீங்கள் ஐயுறலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவல் அறியும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் வழங்கியிருக்கின்றது. விண்ணப்பம் கிடைத்து 14 வேலைநாட்களுக்குள், தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் முடிவு செய்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. இவ்விண்ணப்பத்தை எழுதத் தெரியாத மாணவனுக்கு இதழியற் சான்றிதழ் வழங்குதல் ஏர் பிடிக்கத் தெரியாதவனை உழவன் என்பது போலாகும்.

பிரதேச சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்த தேர்தல் 2025 மே 6இலேயே நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இன்றிச் செயலாளர்களே சபைகளை நடத்தினர். தேர்தல் ஒத்திவைப்பைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. அக்காலத்தில் எந்த வீதிக்குப் பணம் ஒதுக்கப்பட்டது, எந்தக் கிராமம் விடுபட்டது என்று ஊர்தோறும் எழுதினோமா? உறுப்பினர் இல்லாத மன்றத்திலன்றோ நிருபரின் கண் இரு மடங்கு விழித்திருத்தல் வேண்டும்!

நண்பர்களே! இத்தொழிலின் விலையை மட்டக்களப்பு நன்கறியும். 2004 மே 31இல் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இம்மாவட்டத்திற் பிறந்த 'தராக்கி' தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பிற் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். இரு கொலைகளுக்கும் நீதி கிடைக்கவில்லை. ஆகவே வெறும் வீரவுரை கூறி இளைஞரை அனுப்பிவைப்பது ஓடமின்றி வாவியில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆவணம், ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சி, குற்றஞ்சாட்டப்பட்டவரின் மறுமொழி ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு எழுதும் ஒழுக்கத்தைக் கற்பியுங்கள். அவ்வொழுக்கம் துப்பாக்கியைத் தடுக்காது. எனினும் எழுதியதைப் பொய்யென்று எவரும் எளிதில் தள்ளிவிட இயலாது.

இன்னொன்றும் கூறுவோம். நமக்கு உகந்த கட்சி ஆளும்போது அளவுகோலைச் சுருக்குதலும், ஆகாத கட்சி ஆளும்போது நீட்டுதலும் கூடா. தமிழன் ஆளும் சபையிலும் கணக்குக் கணக்கே.

கொழும்புச் செய்திக்காகப் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்குமுன், போரதீவுப்பற்றுப் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள ஒரு வீதியைத் தெரிந்தெடுங்கள். அவ்வீதியில் நடந்து பார்த்து, கண்டதை எழுதுங்கள். ஆசிரியர்களே, அந்தக் கட்டுரைக்கு முதற் புள்ளி இடுங்கள்!