வகுப்பறை களஞ்சியமா, கழனியா?

(தமிழாசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ப் பிள்ளைகளின் சொல்வளம் குன்றிவருகின்றது என்னும் கவலை இன்று தமிழுணர்வாளர் கூடுமிடமெல்லாம் பேசப்படுகின்றது. அதற்குரிய கரணியங்களும் வெளிப்படையானவை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. ஆயினும், 2012-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகலாயின. அப்பிரிவுகளிற் பயிலும் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தமிழுக்கென எஞ்சுவது தமிழ்ப்பாட வேளை ஒன்றே. அவ்வொரு வேளையில் என்ன நிகழ்கின்றது, என்ன நிகழ வேண்டும் என்பதே இப்பொழிவின் பொருள்.

பெரும்பாலும் நிகழ்வது இது. கரும்பலகையின் இடப்புறத்தில் அருஞ்சொல். வலப்புறத்தில் அதன் பொருள். பிள்ளைகள் படியெடுக்கின்றனர், உருப்போடுகின்றனர், தேர்வுத்தாளில் கொட்டுகின்றனர், விடுமுறையில் மறக்கின்றனர். வகுப்பறை ஒரு களஞ்சியம் என்றும், பிள்ளையின் தலை ஒரு குதிர் என்றும், அதில் அள்ளிக்கொட்டிய அளவே சொல்வளம் என்றும் கொண்ட பிழையால் வந்த முறை இது. குதிரில் கிடக்கும் நெல் முளைப்பதில்லை. முளைக்க வேண்டுமாயின் கழனிக்குச் செல்ல வேண்டும்.

பழைய திண்ணைப் பள்ளிகளிலும் நெட்டுரு இருந்தது. நிகண்டுப் பாக்களை உருப்போட்ட பின்னரே மாணவன் இலக்கியத்துட் புகுந்தான். ஆனால், சூடாமணி நிகண்டு சொற்களைப் பன்னிரு தொகுதிகளாக வகுத்து இனம் இனமாக வைத்தது. மக்கட் பெயர் ஓரிடம், விலங்கின் பெயர் ஓரிடம், மரப்பெயர் ஓரிடம் என நின்றமையால், ஒரு சொல்லை நினைத்தவனுக்கு அதன் சுற்றமும் உடன் நினைவுக்கு வந்தது. இன்றைய அருஞ்சொற்பட்டியலுக்கு அவ்வினத்தொடர்பும் இல்லை. பாடத்தில் வந்த வரிசையே அதன் வரிசை.

எல்லாச் சொற்களும் பொருளுடையனவே என்பது தொல்காப்பியர் கோட்பாடு. ஒரு சொல் ஏன் அப்பொருளைத் தருகின்றது என்னும் கரணியம் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்பதும் அவர் உணர்த்தியதே. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஆசிரியரின் கடமை தெளிவாகும். மறைந்து கிடக்கும் அக்கரணியத்தைப் பிள்ளை தானே தோண்டிக் காணும்படி செய்தலே அக்கடமை.

ஒரு வழியை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒரு குவளை நீரும் ஒரு கட்டி வெல்லமும் கொண்டு வகுப்பினுட் புகுகின்றார். வெல்லத்தை நீரிலிட்டுக் கலக்கி, ‘என்ன ஆயிற்று?’ என்று வினவுகின்றார். ‘கரைந்து போயிற்று’ என்கின்றது வகுப்பு. ‘கரை’ என்னும் வினையைக் கரும்பலகையின் நடுவில் எழுதுகின்றார். கரைந்து கிடைத்தது யாது? கரைசல். கரைத்தது எது? கரைப்பான். கரைந்த பொருள் எது? கரைபொருள். வேதியியல் நூல் தரும் மூன்று கலைச்சொற்கள் ஒரே வினையடியிலிருந்து பிள்ளைகளின் வாயிலேயே பிறக்கின்றன. பின்னர், ‘உப்பு மிகுதியாகக் கரைகின்றது, சுண்ணாம்பு சிறிதே கரைகின்றது, இத்திறத்திற்கு என்ன பெயரிடலாம்?’ என்று கேட்கின்றார். கரைமை, கரைவு, கரைதிறன் எனப் பலவும் வரலாம். ஒவ்வொன்றையும் எழுதி, எது பொருளைத் தெளிவாகக் காட்டுகின்றது என்று பிள்ளைகளையே ஆயச் செய்கின்றார். ‘கரைதிறன்’ என்று சொன்ன சிறுமி பின்னாளில் அதே சொல்லைப் பாடநூலிற் காணும்போது, தன் சொல் அச்சேறியிருப்பதாகவே உணர்வாள். அவள் அச்சொல்லை ஒருநாளும் மறவாள். அதனினும் மேலாக, சொல்லை ஆக்குவதற்குத் தனக்கும் உரிமையுண்டு என்று அறிந்துகொள்வாள்.

இவ்வாற்றல் பள்ளிக்கு வருமுன்பே பிள்ளையின் வீட்டில் இருக்கின்றது. தேங்காயைத் துருவுவது துருவி. கலத்தை மூடுவது மூடி. வடித்துக் கட்டுவது வடிகட்டி. வினையின் ஈற்றில் இகரம் சேர்ந்தால் அவ்வினையைச் செய்யும் கருவிக்குப் பெயராகும் என்னும் நெறியை அடுக்களையிலேயே பிள்ளை கேட்டு வளர்ந்துள்ளது. அதே நெறியில் அமைந்தவையே நுண்ணோக்கியும் தொலைநோக்கியும் ஒலிபெருக்கியும் மின்கடத்தியும். அடுக்களைச் சொல்லையும் ஆய்வுக்கூடச் சொல்லையும் ஒரே வரிசையில் எழுதிக் காட்டும் ஆசிரியர், தாயின் நாவில் வழங்கும் தமிழே அறிவியல் பேசும் தமிழ் என்பதை ஒரு சொற்பொழிவும் இன்றி நிலைநாட்டிவிடுகின்றார்.

இந்நெறி கைவந்தபின் பெயரில்லாப் பொருளொன்றைப் பிள்ளைகள் முன் வைக்கலாம். கரிக்கோலைக் கூராக்கும் சிறு கருவிக்கு என்ன பெயர்? ஒருவன் ‘சீவி’ என்பான். ஒருத்தி ‘கூராக்கி’ என்பாள். முன்னது செயலைச் சொல்கின்றது. பின்னது விளைவைச் சொல்கின்றது. எது குறுகியது, எது ஒலிக்க எளியது, எதை வேறு பொருளோடு மயங்கவேண்டியதில்லை என்று வகுப்பு வழக்காடட்டும். படைப்பாற்றல் என்று பெரிதாகப் பேசப்படுவது இதுவே. கதை புனைதலும் பாட்டுக் கட்டுதலும் இதன் வளர்ச்சி. பாவலரேறு பெருஞ்சித்திரனார் தென்மொழியோடு நில்லாது, சிறுவர்க்கெனத் தமிழ்ச்சிட்டு இதழையும் நடத்தினார். இளநாவில் ஊன்றாத தமிழ் முதுநாவில் தழைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கே தனித்தமிழ் அன்பர்கள் உள்ளத்திற் கொள்ள வேண்டியதொன்றுண்டு. சிறுவன் ‘பஸ்ஸில் வந்தேன்’ என்றவுடன் சினந்து, வகுப்பினர் நகைக்க, அவனை எழுப்பி நிறுத்தும் ஆசிரியர் தமிழுக்குத் தொண்டு செய்தவராகார். அன்று அச்சிறுவன் கற்றது தமிழாசிரியர் முன் வாய்திறவாமையை மட்டுமே. மாறாக, ‘உந்து’ என்னும் வினையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். உந்திச் செல்வது உந்து, பெரியது பேருந்து, சிறியது சிற்றுந்து, சரக்கேற்றுவது சரக்குந்து. உன் மாமன் ஓட்டும் மூன்றுருளை வண்டிக்கு நீ என்ன பெயரிடுவாய் என்று கேளுங்கள். இயற்பியலில் வரும் உந்தமும் உந்துவிசையும் இதே வேரின் கிளைகள் என்று காட்டுங்கள். அவன் மறுநாள் தானாகவே ‘பேருந்தில் வந்தேன்’ என்பான். சொல்லாதே என்னும் தடையால் வரும் தூய்மை பள்ளி வாயிலோடு நின்றுவிடும். ஆக்கத்தால் வரும் தூய்மையே வீடுவரை செல்லும்.

1916-ஆம் ஆண்டு மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தபோது தமிழ் உரைநடை வடசொற் கலப்பில் மூழ்கிக் கிடந்தது. அவர்தம் மகளார் நீலாம்பிகையம்மையார் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களை அகர வரிசையில் தொகுத்தளித்த பணி அந்நிலையில் இன்றியமையாததாயிற்று. காரியதரிசி செயலாளரானதும், அபேட்சகர் வேட்பாளரானதும், சர்வகலாசாலை பல்கலைக்கழகமானதும் தமிழன்பர் பலர்தம் உழைப்பின் விளைவே. ஆனால், செயலாளர், வேட்பாளர் என ஆக்கியவர்கள் பட்டியலை உருப்போட்டு ஆக்கவில்லை. வேரும் ஈறும் அவர்களுக்குக் கைவந்திருந்தன. அவர்கள் ஆக்கிய சொற்களை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து, ஆக்கும் திறத்தைக் கொடாதுவிட்டால், அடுத்த தலைமுறையின் புதுப்பொருள்களுக்குப் பெயரிடுவார் யார்?

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் கல்லூரிப் பேராசிரியராகுமுன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியாசிரியராக இருந்தவர். நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை, மாவுக்கு இலை எனத் தமிழர் கண்ட நுண்வேறுபாடுகளை எடுத்துக்காட்டியவர். 1974-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநராகி, 1981-இல் மறையும்வரை உழைத்தார். முதன்மடலத்தின் முதற்பகுதி 1985-இல் வெளிவந்ததை அவர் கண்டிலர். அவ்வகரமுதலிக்குரிய இடம் நூலகப் பேழை மட்டுமன்று. நாளுக்கொரு வேர் வீதம் அது வகுப்பறைக்கு வரவேண்டும்.

‘இவையெல்லாம் சோறு போடுமா? பிள்ளைக்கு ஆங்கிலமன்றோ வேண்டும்?’ என்று பெற்றோர் கேட்பர். அவர்களை இகழ வேண்டா. விடை சொல்ல வேண்டும். இலை ஒளியைக்கொண்டு உணவாக்கும் நிகழ்ச்சிக்கு ஆங்கிலர் வழங்கும் சொல், ஒளி என்றும் சேர்ப்பு என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. ஆங்கிலச் சிறுவனுக்கே அது பிறமொழிப் பூட்டு. தமிழ்ச் சிறுவனுக்கோ ‘ஒளிச்சேர்க்கை’ என்றதும் பாதிப் பாடம் விளங்கிவிடும். தன் மொழிச் சொல்லைப் பிரித்தறியப் பழகியவன் ஆங்கிலச் சொல்லையும் பிரித்தே கற்பான். இவ்வகையில் தமிழ்ப்பயிற்சி ஆங்கிலக் கல்விக்கும் துணையே.

ஐசுலாந்து என்னும் சிறு நாட்டைப் பாருங்கள். அதன் மக்கள்தொகை நான்கு இலக்கமளவே. கணினிக்கு அந்நாட்டார் ஆங்கிலப் பெயரை ஏற்கவில்லை. எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் மூதாட்டியைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்து 1965-இல் ஒரு புதுச்சொல் ஆக்கினர். தொலைபேசிக்கு, நூலிழை என்று பொருள்பட்டு வழக்கிழந்திருந்த பழஞ்சொல்லை மீட்டனர். அவ்விரண்டும் இன்று அந்நாட்டார் நாவில் நாள்தோறும் வழங்குகின்றன. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு இது அரிதாகுமா?

இறுதியாக, விரைந்து செய்ய வேண்டிய ஒரு பணி உண்டு. மின்னிறைப்பி வந்தபின் ஏற்றமும் கவலையும் சாலும் கிணற்றடியை விட்டகன்றன. அச்சொற்களும் உடன் அகல்கின்றன. மடை, மதகு, கலிங்கு என்னும் ஏரிச்சொற்களும், வாடை, கொண்டல் என்னும் காற்றுப் பெயர்களும், இழைப்புளி, கொட்டாப்புளி என்னும் தச்சுச் சொற்களும் முதியோரிடத்து மட்டுமே எஞ்சியுள்ளன. உழவர் பிள்ளையும் மீனவர் பிள்ளையும் தச்சர் பிள்ளையும் கொண்டுவரும் இச்சொற்களைக் கொச்சை என்று தள்ளுவது, அச்சிறார் குடும்பத்தையே தள்ளுவதாகும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுச்சொல் ஏடு ஒன்று வைத்து, கிழமைக்கு ஐந்து சொற்களைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டெழுதி வரட்டும். மாடு முடுக்கும் உழவர்வீட்டுச் சிறுவனுக்கு இயற்பியலின் ‘முடுக்கம்’ அயற்சொல்லாக ஒருபோதும் இராது.

தேர்வும் இதற்கேற்ப மாறவேண்டும். ‘பொருள் எழுதுக’ என்னும் வினாவோடு, ‘இவ்வினையடியிலிருந்து மூன்று சொற்களை ஆக்கி, அவை எப்பொருள்களுக்கு ஏற்கும் என்று எழுதுக’ என்னும் வினாவும் இடம்பெறல் வேண்டும். அரசு மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்புத் தேர்வின் வினாத்தாளை வரைவது ஆசிரியர் கையே.

நாளுக்கொரு வேர், கிழமைக்கு ஐந்து வீட்டுச்சொல், திங்களுக்கொரு புதுப்பெயர். ஆசிரியப் பெருமக்களே, இதற்குப் பொருட்செலவில்லை, ஆணை வேண்டியதில்லை, கரும்பலகையும் ஆர்வமும் போதும். வரும் கல்வியாண்டின் முதல்நாளன்றே இவ்விதைப்பு தொடங்கட்டும். விளைவைத் தமிழ் அறுத்துக்கொள்ளும்.