கோடரிக்குக் காம்பு

(வெல்டிங் பயிற்சி முடித்த நம் ஊர் இளைஞர்களுக்கு இரும்பு வெட்டும் மெஷின்கள் வழங்கிய நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பேச்சை நீட்ட மாட்டேன். அஸர் பாங்குக்கு முன் முடித்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

அபூதாவூத் ஹதீஸ் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நீங்கள் பயானில் பலமுறை கேட்டதுதான். அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டில் இருந்தது ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான். அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே ஏலம் விட்டு, இரண்டு திர்ஹமாக்கிக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, இன்னொரு திர்ஹத்துக்குக் கோடரி. அவர் பதினைந்து நாள் விறகு வெட்டி விற்றுப் பத்து திர்ஹத்தோடு திரும்பி வந்தார்.

உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பதற்கு இதைச் சொல்வோம். நடுவில் உள்ள ஒரு சிறு செய்தியைத் தாண்டிப் போய்விடுவோம். கோடரி வாங்கி வந்தவரை அவர்கள் அப்படியே அனுப்பிவிடவில்லை. தம் கையாலேயே அதற்குக் காம்பு போட்டுக் கொடுத்தார்கள். காம்பில்லாத கோடரி வெறும் இரும்புத் துண்டு. உதவி என்றால் காம்பு வரைக்கும் உதவி. இன்று நான் பேசப்போவது அந்தக் காம்பைப் பற்றித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் ஆறு தம்பிகளுக்கு 4 இஞ்ச் கட்டிங் மெஷின் கொடுத்தோம். மூன்று கடையில் விலை கேட்டு, எது குறைவோ அதை வாங்கினோம். ஜகாத் பணம், சிக்கனமாகச் செலவழித்தோம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி. கூட ஆளுக்கு ஐந்து வீல். கண்ணாடி வாங்கவில்லை. எப்படிப் பிடிப்பது என்று யாரையும் வைத்துச் சொல்லித் தரவும் இல்லை. போட்டோ எடுத்தோம், துஆ ஓதினோம், கலைந்தோம்.

நாலாவது மாதம் அதில் ஒரு தம்பியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இடது கையில் பெரிய கட்டு. எப்படி ஆனது என்று கேட்டேன். "கையில இருந்த வீல் முடிஞ்சு போச்சு மாமா. பக்கத்துப் பட்டறையில 5 இஞ்ச் வீல்தான் கிடந்துச்சு. கார்டு இடிச்சுது, கழட்டிட்டேன். ஓட்டை பெருசா இருந்துச்சு, வாஷர் வச்சு முறுக்கிட்டேன்" என்றார். வீல் வெடித்துவிட்டது. அவருக்கு இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக மடங்கவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். மருத்துவத்துக்கு அறக்கட்டளை கொடுத்தது அந்த மெஷின் விலையைவிடப் பல மடங்கு. அவர் வேலை இல்லாமல் இருந்த மாதங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? கார்டைக் கழற்றியது அவர் தவறு. காம்பில்லாத கோடரியைக் கொடுத்தது எங்கள் தவறு. அல்லாஹ் மன்னிப்பானாக.

அதற்காக, விலை அதிகமான மெஷின்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தொழில் தொடங்கும் பிள்ளை வட்டிக்குத் தவணை போட்டுப் பெரிய மெஷின் எடுப்பதைவிட, ரொக்கத்துக்குச் சின்ன மெஷின் எடுப்பதில்தான் பரக்கத். ஆனால் எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் வேலை எது என்று பாருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் போய் வேலை செய்பவருக்கு 4 இஞ்ச் கை மெஷின் போதும். பட்டறையில் உட்கார்ந்து கேட், கிரில், ஷெட் வேலை செய்பவருக்குத்தான் 14 இஞ்ச் ஸ்டாண்டு மெஷின். மாதத்தில் நாலு பைப் வெட்டுபவருக்கு ஆக்ஸா பிளேடு போதும். அதில் வெட்கமில்லை.

விலை குறைந்த மெஷினில் நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, கார்டு, அதாவது வீலை மூடியிருக்கும் காவல் தகடு, கெட்டியாக இருக்கிறதா, ஆடுகிறதா என்று. இரண்டு, சுவிட்ச் தடையில்லாமல் போய் வருகிறதா, அணைத்ததும் நிற்கிறதா என்று. மூன்று, கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், சுவிட்ச் எல்லாம் நம் ஊரிலோ பக்கத்து டவுனிலோ கிடைக்குமா என்று. ஸ்பேர் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது விலை உயர்ந்த மெஷின்தான். நான்கு, ஸ்டாண்டு மெஷினாக இருந்தால் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மலிவான மெஷின்களில் கோண அளவுக் கோட்டை அப்படியே நம்பக்கூடாது. 90 என்று காட்டும், வெட்டினால் கதவு கோணும்.

அடுத்து கரண்ட். 14 இஞ்ச் மெஷின் 2,000 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9, 10 ஆம்பியர். வீட்டில் டேபிள் ஃபேன் செருகும் 6 ஆம்பியர் பிளக்கில் அதைப் போடக்கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் போட்டால் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் போடுங்கள். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். பிறகு மெஷினைக் குறை சொல்லிக்கொண்டு வைண்டிங் கடைக்கு அலைவோம். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால் ஷாக்கிலிருந்து உயிருக்குப் பாதுகாப்பு.

இப்போது வீல். மெஷினில் நீங்கள் காசைக் குறைக்கலாம். வீலில் குறைக்கக்கூடாது. 4 இஞ்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் வீலின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது உடைந்தால் துண்டும் அதே வேகத்தில்தான் வரும். ஒவ்வொரு வீலிலும் அது தாங்கும் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். மெஷினில் எழுதியிருக்கும் வேகத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். 14 இஞ்ச் வீல் தாங்குவது 4,300 சுற்று அளவுதான். பெரிய வீல் வேறு, சின்ன வீல் வேறு. 4 இஞ்ச் வீலின் துளை 16 மில்லிமீட்டர், 5 இஞ்ச் வீலின் துளை 22 மில்லிமீட்டர். வாஷர் வைத்து முறுக்கினால் வீல் நடுவில் உட்காராது. அது ஆடும், அதிரும், உடையும். நம் தம்பிக்கு நடந்தது அதுதான்.

நல்ல வீல்களின் நடுவில் உள்ள வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அந்தத் தேதிக்கு மேல் போட வேண்டாம். வீலைப் பிடித்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். நாளாக ஆக அதன் பிடி தளரும். ஈரம் பட்டாலும் கெடும். கீழே விழுந்த வீலை, விரிசல் தெரியாவிட்டாலும், ஒதுக்கிவிடுங்கள். வெட்டும் மெல்லிய வீலால் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தனி வீல் இருக்கிறது. பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை இந்த மெஷினில் மாட்டவே மாட்டாதீர்கள். அது கையை விட்டுத் துள்ளும்.

வேலை செய்யும்போது: வீல் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். புது வீல் மாட்டினால் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, நேர் எதிரே நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள். பொருளை வைஸில் இறுக்குங்கள். காலால் மிதித்துக்கொண்டு வெட்டாதீர்கள். வெட்டும் துண்டு தானாக விழும்படி வையுங்கள். வெட்டு வாய் மூடிக்கொண்டால் வீல் சிக்கி மெஷின் உங்களை நோக்கித் தெறிக்கும். ஆங்கிளை முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் வெட்டு சுலபம். அழுத்தாதீர்கள், வீல் தன் வேகத்தில் வெட்டட்டும். கனமான வெட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் உள்ளே இருக்கும் விசிறி மோட்டாரை ஆற்றிவிடும்.

கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணையுங்கள். அணைக்காமல் டீ குடிக்கப் போனால், கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழுந்து ஓடும். அந்த நேரம் பக்கத்தில் பிள்ளைகள் நிற்கலாம்.

கண்ணாடி போடாமல் ஒரு வெட்டுகூட வேண்டாம். வெயில் கண்ணாடி கணக்கில் வராது. கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள். தீக்குச்சி, கைக்குட்டை முனை, பக்கத்து ஆளின் வைத்தியம் எதுவும் வேண்டாம். கருவிழியில் பதிந்த இரும்புத் துகள் ஒரு நாளுக்குள் துருப்பிடித்து வளையம் கட்டிவிடும். நேரே கண் டாக்டரிடம் போங்கள். காதுக்கும் அடைப்பான் போடுங்கள். ஜும்ஆ முடித்து வந்த ஜிப்பாவோடும் கைலியோடும், ஒரே ஒரு வெட்டுத்தானே என்று உட்காராதீர்கள். தீப்பொறி பறக்கும் பக்கத்தில் தின்னர் டப்பா, பெட்ரோல் வண்டி, கேஸ் சிலிண்டர் இருக்கக்கூடாது.

பட்டறை தெருவோரமாக இருந்தால் தீப்பொறி தெருப் பக்கம் போகாமல் ஒரு தகரம் வையுங்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் கிளை என்று படித்த சமூகம் நாம். நாமே பாதையில் நெருப்பைத் தெளிக்கலாமா? பக்கத்து வீட்டில் நோயாளி இருந்தால் நேரம் பார்த்து வெட்டுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாடு எடுத்தாயா என்று கேட்கிறீர்கள். கண்ணாடி எடுத்தாயா என்று சேர்த்துக் கேளுங்கள். மெஷினைப் பார்க்கும்போது கார்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வாப்பா சொல்லிக் கேட்காத பிள்ளை உம்மா கேட்டால் போட்டுக்கொள்வான்.

தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவியை வாங்கும் அளவு ஜகாத் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வழியில்தான் இன்று இதைக் கொடுக்கிறோம். இம்முறை ஒவ்வொருவருக்கும் மெஷினோடு, அதே அளவில் இருபது வீல், கண்ணாடி, காது அடைப்பான், கையோடு ஒட்டிய தோல் கையுறை எல்லாம் இருக்கிறது. இரண்டு விரல் மடங்காத நம் தம்பியே இன்று உங்களுக்கு வீல் மாட்டிக் காட்டப்போகிறார். நான் கேட்டபோது யோசிக்காமல் சம்மதித்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீல் முடிந்து, கையில் காசு இல்லையென்றால் கார்டில் கை வைக்காதீர்கள். அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். வெட்கப்படாதீர்கள். ஒரு வீல் கொடுக்க எங்களுக்குச் சிரமமில்லை. ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வருவதுதான் சிரமம்.

கை அல்லாஹ் தந்த அமானிதம். அந்தக் கையால் சம்பாதித்து, ஹலாலான ரிஸ்கை வீட்டுக்குக் கொண்டு போகும் பாக்கியத்தை உங்கள் எல்லோருக்கும் அவன் தருவானாக. ஆமீன்.