கடன் தொகுதிகளும் தரச் சோதனைகளும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் கடன்பத்திரங்களைப்பற்றிப் பேசத் துணிதல் சிலருக்கு நகையை விளைக்கலாம். எனினும் காரியதரிசி அவர்கள் இப்பொருளை எனக்கு இட்டமைக்குக் காரணம் உண்டு. கையிலுள்ள பணத்தை இத்தகைய பத்திரங்களில் இடலாமா என்று நம்மவர் சிலர் வினவுகின்றனர். நம் பிள்ளைகள் சிலரோ சென்னையிலிருந்துகொண்டே அமெரிக்கக் கடன் தொகுதிகளுக்கு மாதக் கணக்கு எழுதும் ஆபீசுகளில் அமர்ந்திருக்கின்றனர். அவ்வுடன்படிக்கைகளுள் ஒன்றைப் பொருள் கேட்டுப் படித்தபோது, அஃது இலக்கண நூல் ஒன்றன் அமைப்பையே உடைத்தாயிருக்கக் கண்டேன். முதலிற் பல பத்துப் பக்கங்கள் சொற்களுக்கு வரையறை, அதன்பின் விதி, விதிக்கு விலக்கு, விலக்கிற்கும் ஒரு புறனடை. ஆதலின் கணக்கர் காணாத ஒன்றைச் சொல்லாராய்ச்சி செய்வோன் காணக்கூடும் என்னும் துணிவாற் பேசுகின்றேன்.

பொருளின் இயல்பு இது. அமெரிக்காவில் நாணய மதிப்பிற் சற்றுத் தாழ்ந்த கம்பெனிகள் பெறும் பெருங்கடன்களை நிர்வாகி ஒருவர் விலைக்கு வாங்கித் தொகுக்கின்றார். கம்பெனிகள் பெரும்பாலும் 150-க்குக் குறையா. தொகுதியின் மொத்தம் 40, 50 கோடி டாலர் வரை செல்லும். அதற்கு வேண்டும் பணம் பத்திரங்களை விற்றுத் திரட்டப்படும். அப்பத்திரங்களோ ஒரே தரத்தன அல்ல. ஏரிப் பாசனத்தில் தலைமடையும் கடைமடையும் இருத்தல்போல, கடனாளிகளிடமிருந்து வரும் வட்டி முதல் வகுப்பாருக்கு முன்னரும் அடுத்தடுத்த வகுப்பாருக்குப் பின்னரும் பாய்கின்றது. நீர் குறைந்தால் முதலில் வாடுவது கடைமடை. வேறுபாடு ஒன்றே: இங்கே யாவர்க்கும் அளந்து விட்டபின் எஞ்சும் நீர் முழுதும் கடைமடைக்கே உரியது. ஆகவே கடைமடையார் பெருவெள்ளத்தை விரும்புவர். தலைமடையார் கரை உடையாதிருத்தலையே விரும்புவர். நிர்வாகியின் ஊதியத்தில் ஒரு பகுதியும் கடைமடைக்கு அருகிலிருந்தே வருகின்றது. இத்தொகுதிகளைச் சி.எல்.ஓ. என்பர்.

தலைமடையாரைக் காத்தற்பொருட்டே சோதனைகள் அமைந்தன. அவை இருவகை, இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பெரும் பிழை.

முதல்வகை காப்புச் சோதனை. கணக்குக்காக ஒன்று கூறுவேன். தொகுதியிலுள்ள கடன் 50 கோடி. முதல் வகுப்புப் பத்திரம் 40 கோடி. விகிதம் 125 விழுக்காடு. அது 120-க்குக் கீழே இறங்கலாகாது என்பது விதி என்று கொள்வோம். 4 கோடிக் கடன் தவறிப்போயிற்று. அதனை இனி 100-க்கு 40 என்றே மதிக்க வேண்டுமாயின் அதன் மதிப்பு 1 கோடியே 60 லட்சம். தொகுதி 47 கோடியே 60 லட்சமாகச் சுருங்கும், விகிதம் 119 ஆகும், சோதனை தோற்றது. தோற்றவுடன் யாரும் கூடி யோசிக்க வேண்டுவதில்லை; வழக்கும் வேண்டா. கடைமடைக்குப் பாயவிருந்த வட்டி அடைபட்டு, தலைமடையாரின் முதலைத் தீர்க்கத் திருப்பப்படும். ஏறத்தாழ 33 லட்சம் டாலர் அவ்வாறு தீர்ந்தவுடன் விகிதம் மீண்டும் 120-ஐ எட்டும், மடை திறக்கும். இதன் பெருமை இது தானே இயங்குதலில் உள்ளது. நம் கொடுக்கல் வாங்கலில், கடனாளியின் முகத்தைப் பார்த்துத் தவணையைத் தள்ளிக்கொண்டே போய்க் கெட்டவர் எத்தனை பேர் என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள்.

இரண்டாம் வகை தரச் சோதனை. இது தோற்றால் மடை அடைபடாது. இனி வாங்கும் கடன், தொகுதியின் நிலையை முன்னிருந்ததினும் தாழ்த்தலாகாது என்பது மட்டுமே தடை. முன்னது தண்டனை, பின்னது விலக்கு.

தரத்தை அளக்கும் முறையைக் கேளுங்கள். மூடீஸ் என்னும் மதிப்பீட்டுக் கம்பெனி ஒவ்வொரு தரத்திற்கும் ஓர் எண் வகுத்துள்ளது. மிக உயர்ந்த தரத்திற்கு 1, பி2 என்னும் தரத்திற்கு 2720, பி3-க்கு 3490, சி-ஏ-ஏ1-க்கு 4770, அனைத்தினும் தாழ்ந்ததற்கு 10000. கடன் தொகைக்கு ஏற்பச் சராசரி எடுத்து, அஃது உடன்படிக்கையிற் கண்ட எல்லையைக் கடவாதிருக்கின்றதா என்று பார்ப்பர். சராசரி என்பது எத்துணை வஞ்சகமான அளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு தொகுதி முழுதும் பி2. அதன் எண் 2720. மற்றொன்றில் 100-க்கு 70 பங்கு பி-ஏ3, அதாவது 1766. எஞ்சிய 30 பங்கு சி-ஏ-ஏ1. சராசரி 2667! பத்தில் மூன்று பங்கு நலிந்த கடனை வைத்திருக்கும் இரண்டாவது தொகுதியே மேலானதென்று எண் கூறும். உடன்படிக்கை எழுதியோர் இதனை அறியாதவரல்லர். அதனாலேதான் சி-ஏ-ஏ தரத்துக் கடன் தொகுதியில் 7½ விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றும், மேற்படின் அம்மிகுதியைக் காப்புச் சோதனையிற் சந்தை விலைக்கே எண்ண வேண்டும் என்றும் பெரும்பாலான உடன்படிக்கைகளிற் புறனடை வைத்தனர். பலவகைத் தொழில்களிற் கடன் பரவியிருத்தலையும் ஓர் எண்ணால் அளப்பர். ஒரே தொழிலைச் சார்ந்த இரு கம்பெனிகளை இரண்டென்று எண்ணாமல் ஒன்றரை என்றே எண்ணும் அம்முறை எனக்கு மிகவும் பிடித்தது. பஞ்சு விலை விழுந்தால் இரண்டு மில்லும் ஒருங்கே விழும் அன்றோ?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சோதனையின் வலிமை எண்ணில் இல்லை. எண்ணப்படும் சொல்லின் வரையறையில் உள்ளது. 100 டாலர்க் கடனொன்று சந்தையில் 82-க்கு விற்கின்றது. நிர்வாகி அதனை வாங்குகின்றார். காப்புச் சோதனையில் இஃது 82-ஆ, 100-ஆ? பல உடன்படிக்கைகளில் 80-க்குக் கீழே வாங்கினால்தான் 'தள்ளுபடிக் கடன்' என்னும் பெயர் பெற்று வாங்கிய விலைக்கு எண்ணப்படும். சிலவற்றில், தரம் தாழ்ந்த கடனுக்கு எல்லை 85. எல்லை 80-ஆக உள்ள இடத்தில் 82-க்கு வாங்கியது முழு 100-ஆக நிற்கும். ஒருவரும் ஒரு காசும் செலுத்தாமலே தொகுதி 18 டாலர் வளர்ந்ததாகக் கணக்குக் காட்டும். இது களவன்று, உடன்படிக்கை இடங்கொடுத்தது. ஆயினும் ஏன் 82-க்கு விற்றது என்னும் கேள்விக்கு அச்சோதனையில் இடமில்லை.

சொல் ஒன்றால் சட்டமே திரும்பிய கதையும் உண்டு. 2008-ஆம் ஆண்டுப் பெருவீழ்ச்சிக்குப் பின், 2010-இல் அமெரிக்கர் இயற்றிய டாட்-ஃபிராங்க் சட்டத்தின்வழி, கடனைத் தொகுத்து விற்போர் அதன் இடரில் 5 விழுக்காட்டைத் தம்மிடமே தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்னும் விதி பிறந்தது. சந்தையிற் கடன் வாங்கும் நிர்வாகிகள் வழக்காடினர். 2018 பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், தன்னிடம் என்றும் இல்லாத பொருளை ஒருவன் 'தக்கவைத்தல்' இயலாது. நிர்வாகி பிறர்க்காக வாங்குவோரேயன்றித் தம் உடைமையைப் பிறர்க்கு மாற்றுவோரல்லர். ஆதலின் அவரை அவ்விதி கட்டாது என்று தீர்ப்பளித்தது. சொற்பொருளாக நோக்கின் தீர்ப்புப் பழுதற்றது. இலக்கண வகுப்பில் நானும் அவ்வாறே கூறியிருப்பேன். ஆயினும் தொகுப்பவர் கையிலும் சிறிது நட்டம் படவேண்டும் என்ற சட்டத்தின் கருத்து அவ்விடத்தில் நிறைவேறாது போயிற்று.

வரையறை செம்மையாயிருந்தும் தர முத்திரை பொய்யாயின் என்ன ஆகும் என்பதை 2007, 2008-ஆம் ஆண்டுகள் காட்டின. அப்போது கெட்டவை பெரும்பாலும் கம்பெனிக் கடன் தொகுதிகள் அல்ல. வீட்டுக் கடன்களின் அடிவகுப்புப் பத்திரங்களை மீண்டும் தொகுத்தவை. சோதனைகள் அவற்றிலும் இருந்தன. தேர்ச்சியும் பெற்று வந்தன. 2006-இல் மூடீஸ் மிக உயர்ந்த முத்திரை இட்ட வீட்டுக்கடன் பத்திரங்களுள் 83 விழுக்காடு பின்னர்த் தரம் இறக்கப்பட்டன என்று அந்நாட்டு விசாரணைக் கமிஷன் 2011-இல் அறிவித்தது. முத்திரையிடுவோர்க்குக் கூலி கொடுத்தவர் பத்திரம் வெளியிட்டவரே என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மாறாக, 2020-இல் கொள்ளைநோயால் தொழில்கள் முடங்கியபோது கம்பெனிக் கடன்களின் சராசரிச் சந்தை விலை மார்ச்சில் 100-க்கு 80-க்கும் கீழே சென்றது; தரமிறக்கங்கள் மழைபோற் பொழிந்தன; தொகுதிகள் பலவற்றில் 7½ விழுக்காட்டு எல்லை உடைந்தது; சிலவற்றிற் கடைமடை அடைபட்டது. தலைமடையார் முதல் இழக்கவில்லை. முத்திரை உரிய காலத்தில் இறங்கினமையால் மடையும் உரிய காலத்தில் அடைபட்டது.

நம் நாட்டு வாகனக் கடன் தொகுதிகளில் வாங்கி விற்கும் நிர்வாகி பொதுவாக இல்லை. தொகுத்த கடன் தீரும்வரை அப்படியே கிடக்கும். ரிசர்வ் பாங்கி 2021 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள், 24 மாதத்திற்கு உட்பட்ட கடனாயின் 5 விழுக்காடும் மேற்பட்டதாயின் 10 விழுக்காடும் தொகுப்பவர் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றன. கடன் கொடுத்த அன்றே விற்றுவிடலாகாது என்றும், இரண்டாண்டு வரையுள்ள கடனை மூன்று மாதமும் அதற்கு மேற்பட்டதை ஆறு மாதமும் கையில் வைத்திருந்து தவணை வருகின்றதா என்று கண்டபின்னரே விற்க வேண்டும் என்றும் அவை விதித்தன. நம் கம்பெனிகள் கடனைத் தம் கையாற் கொடுத்தே தொகுப்பவை. ஆதலின் 'தக்கவைத்தல்' என்னும் சொல்லுக்கு இங்கே தடையில்லை.

பணம் இட நினைப்போர் முதலில் வட்டி வீதத்தைக் கேளாது, 'தவறிய கடன்' என்பதற்கு அவ்வுடன்படிக்கை தரும் வரையறையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தவணை மாற்றி எழுதிய கடன் அதனுள் அடங்குகின்றதா என்று பாருங்கள். அமெரிக்கத் தொகுதிகளுக்கு மாதக் கணக்கு எழுதும் நம் இளைஞர்கள், காப்பு விகிதம் சென்ற மாதத்தினும் ஏறியிருந்தால், அவ்வேற்றம் பத்திர முதல் தீர்ந்ததனால் வந்ததா, மலிந்த கடனை வாங்கியதனால் வந்ததா என்பதை ஒரு தனி வரியாகக் குறித்து மேலதிகாரியின் பார்வைக்கு வைக்கலாம்.