விழிக்க மறுக்கும் மடிக்கணினி

மும்பையில் ஜூன் மாதம் தொடங்கும் மழை, செப்டம்பர் வரை சுவரையும் துணியையும் உலரவிடுவதில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், மித்தி ஆறு கரைபுரண்டதையும் அந்நகரத்தார் மறக்கவில்லை. ஆகவே, அங்கே எந்தக் கருவி பழுதானாலும் முதற்பழி ஈரத்தின் மீதே விழுகிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, தாராவியிலிருந்து எங்கள் உறவினர் மகள் ஒருத்தி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மடிக்கணினியுடன் செம்பூரிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்தாள். அவள் தந்தையார் விடியற்காலையில் இட்லி சுமந்து சென்று மாட்டுங்காவில் விற்பவர். வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கும் அக்கணினி ஒன்றே. மறுநாள் கல்லூரியில் அளிக்கவேண்டிய கட்டுரை அதனுள் இருந்தது. மின்பொத்தானை அழுத்தினால் திரை இருண்டே கிடந்தது. விசைகளைத் தட்டினாலும் பயனில்லை. ஈரம் புகுந்து மதர்போர்டு கெட்டுவிட்டது, அதை மாற்றவேண்டும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டாராம்.

கணினி விழிக்கவில்லை, விசைப்பலகையும் செவிசாய்க்கவில்லை. இவை இரண்டு நோய்கள் போலத் தோன்றும். ஆனால் மடிக்கணினியில், மின்பொத்தானையும் விசைப்பலகையையும் பெரும்பாலும் ஒரே சிறு சில்லுதான் கண்காணிக்கிறது. கணினி உறங்கும்போதும் விழித்திருக்கும் வாயிற்காவலன் அது. காவலன் மயங்கிவிட்டால், வெளியே எவ்வளவு தட்டினாலும் உள்ளே செய்தி எட்டாது. மின்சாரம் தடைப்பட்டு மீளும் வேளைகளில் இம்மயக்கம் நேர்வதுண்டு.

இதற்குரிய சிகிச்சை எளியது. சார்ஜரையும், செருகியுள்ள பிற கருவிகளையும் அகற்றுக. கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதனையும் எடுத்துவிடுக. பின்னர் மின்பொத்தானை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்திடுக. எஞ்சிய மின்சாரம் வடிந்து, சில்லு புதிதாகத் தொடங்கும். அதன்பின் கழற்றிய பாட்டரியையும் சார்ஜரையும் பொருத்தி இயக்குக. சேமித்த எழுத்துகளுக்கு இதனால் தீங்கில்லை.

அப்பொழுதும் விழிக்காவிடில், காப்ஸ் லாக் விசையைத் தட்டி, அதற்குரிய சிறு விளக்கைக் கவனிக்கவேண்டும். விளக்கு எரிந்து அணையுமாயின் கணினியின் மூளை வேலை செய்கிறது; குறை திரையில் இருக்கலாம். தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். திரை ஒளிர்ந்தும் விசைகள் மட்டும் இயங்காவிடில், வெளி விசைப்பலகை ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். அது இயங்கினால் மாற்றவேண்டியது பெரும்பாலும் விசைப்பலகையே, மதர்போர்டு அன்று. ஈரத்தின் கைவரிசை நினைவகத் தகட்டின் தொடுமுனைகளிலும் காணப்படலாம். பயின்றவர் அதனைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினாலே பல கணினிகள் எழுந்துவிடும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் அவசியம். தண்ணீரோ தேநீரோ கொட்டியிருந்தால், மேற்சொன்ன சோதனைகள் கூடா. மின்சாரத்தை உடனே துண்டித்து, பயின்றவரிடம் கொண்டுசெல்க. அரிசிக்குள் புதைப்பதால் உள்ளே படிந்த உப்பும் சர்க்கரையும் நீங்குவதில்லை. பாட்டரி உப்பியிருந்தால் அதனை மின்னேற்றுவதும் அழுத்துவதும் தீ விபத்துக்கு இடமாகும். மூன்றாவதாக, மதர்போர்டை மாற்றச் சம்மதிக்குமுன், சேமிப்புத் தட்டு தனியே கழற்றக்கூடியதா என்று கேட்டுக்கொள்க. கழற்றக்கூடியதாயின், கணினி மாண்டாலும் எழுத்துகளை மீட்கலாம். மதர்போர்டிலேயே பற்றவைத்ததாயின், அதனைக் கொடுப்பது எழுத்துகளையும் கொடுப்பதாகும்.

அன்று, அரை நிமிடம் அழுத்திப் பிடித்த இரண்டாம் முறையில் கணினியின் விளக்கு எரிந்தது. அப்பெண் முதலில் செய்த காரியம், கட்டுரையைப் பென்டிரைவில் படி எடுத்ததுதான். பின்னரே தந்தையாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னாள்.

செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ள மாற்றம் இறுதியில் என்ற வரிசையை நாம் மறவாதிருப்போமாக. மழை வருமுன் கூரையைப் பார்ப்பதுபோல், எழுத்துகளுக்கும் ஒரு படி எடுத்து வைப்போமாக.