பட்டியலில் உன் பேர் இருக்கா?

தோழர்களே, அடுத்த வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் தொழிற்சங்க வாக்கெடுப்பு. "தோத்துட்டா என்ன பண்றது?" என்று பலர் கேட்கிறீர்கள். ஹார்வர்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

தனியார் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும், ஆய்வுக்கு உதவும் மாணவர்களும் தொழிலாளர்களே என்று 2016 ஆகஸ்டில் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியம் தீர்ப்பளித்தது. அந்த நவம்பரிலேயே ஹார்வர்டில் வாக்கெடுப்பு. எண்ணிப் பார்த்தால், சங்கம் வேண்டாம் என்றவர்களே அதிகம்.

ஆனா கதை அதோட முடியல. நிர்வாகம் கொடுத்த வாக்காளர் பட்டியலில் தகுதியுள்ள நூற்றுக்கணக்கானவர்களின் பெயரே இல்லை. பேர் தெரியாதவரை எப்படித் தேடிப்போய்ப் பேசுவது? சங்கம் முறையிட்டது; வாரியம் மறுவாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. 2018 ஏப்ரலில் ஆதரவு 1,931, எதிர்ப்பு 1,523.

அதுக்கப்புறமும் நிர்வாகம் சும்மா கையெழுத்துப் போடல. 2019 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020இல்தான் முதல் ஒப்பந்தம் வந்தது.

ஆகவே தோழர்களே, வாக்கெடுப்பு ஒரு நாள் வேலை இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. பயந்து ஒதுங்க வேண்டாம். நாளைக்கு ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள்: "பட்டியலில் உன் பேர் இருக்கா?"