லயமும் வீடும்

கண்டி நகரம் 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தலதா மாளிகையையும் 'வலவ்வ' எனப்படும் பிரபுக்களின் மனைகளையும் காண வருவோர், சூழவுள்ள மலைகளின் லயங்களைக் கட்டடமாகவே கருதுவதில்லை. ஆயினும் அவையும் வரலாற்றுக் குடியிருப்புகளே. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்தில் தோன்றியவை அவை.

தகரக் கூரை, ஏறத்தாழ 10க்கு 12 அடி அறை, சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் என்னை ஈர்ப்பவை அங்கு வழங்கும் சொற்கள். அறை 'காம்பரா', அது போர்த்துக்கேயச் சொல். முன்புறம் 'இஸ்தோப்பு', அது ஒல்லாந்தருடையது. 'லயம்' ஆங்கில 'லைன்' என்பதன் திரிபு. நம்மை ஆண்ட மூவரும் அந்தச் சிறு கூரையின் கீழ்ச் சொற்களாக வாழ்கின்றனர்.

தமிழில் 'வீடு' என்பது 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது, விடுதலையையும் குறிப்பது. லயத்திலோ, வேலையை விட்டவர் காம்பராவையும் விட நேர்ந்தது. உழைப்புக்குத் தரப்பட்ட கூரை, உழைத்தவருக்கு உரிமையாகவில்லை.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயமொன்று அருங்காட்சியகமாகியுள்ளது. நல்ல காரியம். தனி வீடும் காணி உறுதியும் சிலருக்கே கிடைத்துள்ளன. பலர் இன்னும் லயத்திலேயே வாழ்கின்றனர். லயம் காட்சிப் பொருளாகட்டும். அதில் வாழ்ந்தோருக்கு வீடு, அச்சொல்லின் முழுப் பொருளிலும், வாய்க்கட்டும்.